கூட்டத்துக்குப் பேசினவள்

வாம்மா, உள்ள வா. வாசல்லயே நின்னா எப்படி? செருப்பு கிடக்கட்டும், வீடு இன்னும் பெருக்கல. நீ எதுக்கு வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். சத்தம். அதானே? கீழ் வீட்டுக்குக் குடி வந்தவங்க எல்லாரும் ஒரு தடவை ஏறி வருவாங்க. உனக்கு முன்னாடி இருந்த பேங்க்காரர் வந்தார், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு. அவருக்கு முன்னாடி ஒரு மலையாளத்து டீச்சர். அவங்க ஒரு கிண்ணம் பாயசத்தோட வந்தாங்க, சத்தத்தைப் பத்திச் சொல்றதுக்கு. நல்லவங்க. நீ வேலைக்கு நடுவுல எழுந்து ஓடி வந்திருக்க, கழுத்துல தொங்குற ஹெட்போனைப் பாத்தாலே தெரியுது.

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இங்க உக்காரு, டிவிக்கு நேரா. நீ வந்திருக்கியேன்னு சத்தத்தை அணைச்சிருக்கேன். ஆனா என் கண்ணு அங்கதான் இருக்கும், தப்பா நினைக்காதே. இந்தப் படத்துல ஒரு இடம் வரும். அது வந்ததும் நான் சத்தம் வெப்பேன். இன்னும் நேரம் இருக்கு. ஹீரோ இப்பத்தான் ஜெயில்ல இருந்து வெளிய வர்றான். பஸ் ஏறணும், ஊருக்குப் போகணும், நடுவுல ஒரு பாட்டு வேற இருக்கு.

என்ன சொன்ன? போன்ல பேசற வேலையா? வீட்டுல இருந்தேவா? அட. யாரோ பொருள் வாங்கிட்டு அது சரியில்லைன்னு கூப்பிடுவாங்க, நீ சமாதானம் சொல்லுவ. அப்படித்தானே? அவங்க கேக்கறாங்களா, பின்னாடி யாரு கத்தறாங்கன்னு? எந்த ஊர்க்காரங்க? கோயமுத்தூரா? பாத்தியா, என் டிவி கோயமுத்தூர் வரைக்கும் கேக்குது. சிரிக்காதே, எனக்கு ஒரு விதத்துல சந்தோஷம்தான். என் பொழப்பே அதுதான்மா. பின்னாடி கேக்கறதுதான் என் பொழப்பு. சொல்றேன், சொல்றேன். நீ ஏதோ சொல்ல வர்ற, இரு, நான் முதல்ல இதைச் சொல்லிடறேன்.

என் மேல தப்பு இல்லம்மா. நான் வெக்கிற சத்தம் படத்துக்கு. உன் வீட்டுக்குக் கேக்கறது விளம்பரம். படம் மெதுவாப் பேசுதேன்னு நாம கூட்டி வெச்சிருப்போம், சடக்குனு விளம்பரத்தைப் போட்டுடுவான். ரிமோட்டைத் தேடி எடுக்கறதுக்குள்ள தெருவுக்கே ஊறுகாய் வித்துடுவான். தனிகாசலம் சார்னு ஒருத்தர், எங்க காலத்து ரெகார்டிஸ்ட், சவுண்ட் இன்ஜினியர்னு இப்ப நீங்க சொல்றீங்களே அந்த வேலை. அவர்கிட்ட போன்ல கேட்டேன், ஏன் சார் இப்படின்னு. அவர் சொன்னார், "குணவதி, தியேட்டர்ல ஊசி விழற சத்தமும் உண்டு, வெடி வெடிக்கிற சத்தமும் உண்டு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் அழகு. வீட்டுல அது ஆகாது. ஃபேன் ஓடும், மிக்சி ஓடும், குழந்தை அழும், ஊசி விழுந்தா யாருக்குக் கேக்கும்? அதனால டிவிக்காரங்க அந்தத் தூரத்தைச் சுருக்கிடுவாங்க. பெரிய சத்தத்தைக் குனிய வெப்பாங்க, சின்ன சத்தத்தை ஸ்டூல் போட்டு ஏத்தி விடுவாங்க. விளம்பரக்காரன் எல்லாரையுமே ஸ்டூல் மேல ஏத்திடறான். அவன் மூச்சு விட்டாக்கூடக் கத்தற மாதிரிதான் கேக்கும்." அழகாச் சொன்னார் இல்ல? சின்ன சத்தத்தை ஸ்டூல் போட்டு ஏத்தி விடறது. அதனாலதான் எனக்கு இந்தக் கஷ்டமே வந்துது.

என் பேரு குணவதி. வாசல்ல போர்டு இருக்கே, அது எங்க அப்பா பேரு. நான் சினிமாவுல பேசினவ. நடிகை இல்ல, பயப்படாதே. டப்பிங். அதுலயும் ஹீரோயினுக்குப் பேசறவங்க வேற. நான் கூட்டத்துக்குப் பேசறவ. சந்தையைக் காட்டறான், கல்யாண வீட்டைக் காட்டறான், ஒரு ஊரே ஓடி வருது, அந்தச் சத்தம் எங்க இருந்து வரும்? ஷூட்டிங்ல எடுத்த சத்தம் எதுக்கும் ஆகாது, ஜெனரேட்டர் ஓடும், டைரக்டர் திட்டறது விழுந்திருக்கும். அதனால நாங்க ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் வடபழனி ஸ்டுடியோவுல ஒரே மைக்கைச் சுத்தி நின்னு, திரையைப் பாத்துக்கிட்டே பேசுவோம். படத்துண்டோட தலையையும் வாலையும் ஒட்டி வெச்சிருப்பாங்க, அது திரும்பத் திரும்ப ஓடிட்டே இருக்கும், சரியா வர்ற வரைக்கும். ஆயிரம் பேர் இருக்கிற ஊருக்கு நாங்க பன்னிரண்டு பேர்தான் வாய்.

அதுல ஒரு சட்டம் இருக்கும்மா. ஒரு வார்த்தை கூடத் தனியாக் கேக்கக் கூடாது. கேட்டா தப்பு. திரும்ப எடுக்கணும். எல்லாருக்கும் பேச்சுன்னா கேக்கணும், எங்களுக்குக் கேக்கக் கூடாது. அதுவும் ஒரு வித்தைதான். 'ஸ்' சத்தம் வர்ற வார்த்தையே எடுக்கக் கூடாது, அது மட்டும் ஊசி மாதிரி குத்திக்கிட்டு வெளிய வரும். அதனால நான் காய்கறி சொல்லுவேன். கத்திரிக்கா, வாழைக்கா, வெண்டைக்கா முத்தலா இருக்கு, முருங்கக்கா கட்டு எவ்வளவு. வருஷக்கணக்கா அதேதான். அரண்மனையில கூட்டம்னாலும் கத்திரிக்காதான், சாவு வீட்டுல கூட்டம்னாலும் கத்திரிக்காதான், குரலை மட்டும் மாத்திக்கணும். அழுதுக்கிட்டே கத்திரிக்கா விலை கேட்டிருக்கியா நீ? நான் கேட்டிருக்கேன்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு அங்க. எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சு இழுத்தாங்கன்னா அந்த இடம் பள்ளமாக் கேக்கும். அந்தப் பள்ளத்துல நான் இருப்பேன். தனிகாசலம் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைத்தான் பாப்பார். "குணவதி இருக்கற வரைக்கும் பள்ளம் விழாது"ம்பார். எனக்கு மூச்சே வேண்டாமோன்னு கேலி பண்ணுவாங்க. இதுக்காக நான் வாயாடின்னு நினைச்சுடாதே. வேலை வேற, மனுஷி வேற. எங்க செட்டுலயே அளவாப் பேசறவ நான்தான். அனாவசியமா ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

என்னம்மா? தண்ணியா? அங்க குடத்துல இருக்கு பாரு, மூடி மேல தம்ளர். எடுத்துக்கோ. நீ என்னமோ சொல்ல வந்த... இரு, பஸ் ஏறிட்டான். இப்ப பாட்டு. பாட்டு முடியற வரைக்கும் கவலை இல்ல.

ஏகாம்பரம்னு ஒருத்தர் இருந்தார் எங்க செட்டுல. குரோம்பேட்டைக்காரர். ஒல்லியா இருப்பார், சட்டை எப்பவும் இஸ்திரி போட்டிருக்கும். நான் காய்கறி சொல்ற மாதிரி அவர் ரயில்வே ஸ்டேஷன் சொல்லுவார். கோடம்பாக்கம், மாம்பலம், கிண்டி, பரங்கிமலை. கடற்கரையில ஆரம்பிச்சு தாம்பரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவார். பல்லாவரம்னு சொல்லும்போது மைக்ல 'ப'ன்னு காத்து அடிக்கும், தனிகாசலம் சார் திட்டுவார், அதனால ஏகாம்பரத்தை எப்பவும் பின்னாடி நிக்க வெப்பாங்க. எனக்கு நேர் பின்னாடி. என் காதுக்குப் பக்கத்துல அந்த ரயில் போயிட்டே இருக்கும். சில நாள் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கஞ்சி கரைக்கும்போது எனக்குள்ளயே கேக்கும், மீனம்பாக்கம், திரிசூலம்னு.

நீ வேற எதுவும் நினைச்சுக்காதே. எனக்கு அவர் மேல அப்படி ஒண்ணும் கிடையாது. அவர் நல்ல மனுஷன், அவ்வளவுதான். டீ வாங்கினா எனக்குச் சர்க்கரை கம்மியா வாங்குவார், நான் சொல்லாமலேயே. மழை பெஞ்சா ஸ்டுடியோ வாசல்ல குடையோட நிப்பார், பேச மாட்டார், நிப்பார். எங்க செட்டுப் பொம்பளைங்க இருக்காங்களே, அவங்களுக்கு வேற வேலை இல்ல. "குணவதி, அவன் உன்னைக் கேக்கப் போறான்டி"ன்னு ஆரம்பிச்சாங்க. அம்மா காதுக்கும் போயிடுச்சு. அம்மா படுத்த படுக்கை. தினம் நான் கதவைத் திறந்து உள்ள வந்ததும் முதல் கேள்வி, "கேட்டானாடி?" கேக்கலம்மா. மறுநாளும், "கேட்டானா?" கேக்கலம்மா. நானா போய்ச் சொல்ல முடியும்? ஆம்பளை, வாயைத் திறக்கணும் இல்ல? ஒரு வார்த்தை. என் முன்னாடி நின்னு ஒரு வார்த்தை.

திறக்கவே இல்ல. ஒரு நாள் திடீர்னு சேலத்துல அண்ணன் கடையைப் பாத்துக்கப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போயிட்டார். எல்லார்கிட்டயும்னா என்கிட்டயும்தான், எல்லாரோடயும் சேத்து. அங்கயே கல்யாணம் ஆச்சு. பிள்ளைகளாச்சு. அப்புறம் என்ன நடந்துது தெரியுமா? அந்தப் பொம்பளைங்களே என்னைப் பாத்துக் கேக்கறாங்க, "நல்ல மனுஷனை வேண்டாம்னுட்டியேடி"ன்னு. நான் வேண்டாம்னேனா? யாரு கேட்டா, நான் வேண்டாம்னு சொல்ல? அம்மா சாகற வரைக்கும் அதே பேச்சு. "உனக்குத் திமிரு, அவன் கேட்டிருப்பான், நீ முகத்தைத் திருப்பியிருப்ப." பெத்த தாயே நம்பல. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் இருக்கும்மா. அவர் மேல இல்ல, யாரும் நம்பலையேங்கற ஆத்திரம். அந்த மனுஷன் வாயைத் திறக்கல. அதுதான் உண்மை. அப்படித்தான் நான் நினைச்சுட்டு இருந்தேன், போன வருஷம் வரைக்கும்.

அம்மா போனதுக்கு அப்புறம் இந்த வீட்டுல மனுஷக் குரல்னா டிவிதான். தனியா இருக்கறது கஷ்டமான்னு யாராவது கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டேன். கஷ்டம்தான். காலையில பால்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை, அதுக்கு அப்புறம் என் குரல் எனக்கே மறந்து போயிடும். அதனால டிவி ஓடிட்டே இருக்கும். என்ன படம்னு கூடப் பாக்க மாட்டேன். அப்படித்தான் போன வருஷம் ஒரு மத்தியானம் பீன்ஸ் நறுக்கிட்டு உக்காந்திருக்கேன், இந்தப் படம் ஓடுது. ஓடாத படம்மா இது, பேரு சொன்னாலும் உனக்குத் தெரியாது. இதுல ஒரு தேர்த் திருவிழா. ஜெயில்ல இருந்து வந்தவன் கூட்டத்துக்குள்ள அம்மாவைத் தேடறான். எதிர்ப் பக்கம் அம்மா நிக்கிறா. அவனுக்குப் பேச்சு வரல. அந்த இடத்துல மியூசிக் வேண்டாம்னு டைரக்டர் பிடிவாதமாச் சொல்லிட்டார், மியூசிக் போட்டவருக்கும் அவருக்கும் பெரிய சண்டை. கடைசியில வெறும் கூட்டம்தான். எங்க சத்தம்தான். தியேட்டர்ல நான் போய்ப் பாத்தேனே, அங்க அது சும்மா கடல் மாதிரி எங்கயோ தூரத்துல கிடந்துது. ஒரு வார்த்தை தெரியாது.

டிவியில அப்படி இல்ல. ஹீரோ பேச்சை நிறுத்தினானா, மேளம் அடங்கிச்சா, நாங்க கிடுகிடுன்னு மேல வர்றோம்! தனிகாசலம் சார் சொன்ன அதே ஸ்டூல். அடியில கிடந்தவங்க எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. என் கத்திரிக்காயை நான் கேக்கறேன். கையில பீன்ஸோட அப்படியே உக்காந்துட்டேன். என் சின்ன வயசுக் குரல். அப்புறம் எனக்குப் பின்னாடி, என் காதுக்குப் பக்கத்துல எப்பவும் கேக்குமே அந்த இடத்துல இருந்து, அவர். ஆனா ஸ்டேஷன் இல்லம்மா. மாம்பலமும் இல்ல, கிண்டியும் இல்ல. "குணா, கொஞ்சம்..."

அவ்வளவுதான். அதுக்கு மேல புரியல. அதுக்குள்ள ஊறுகாய் விளம்பரம்.

குணா. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. அம்மாவே குணவதின்னு முழுசாத்தான் கூப்பிடுவா. அவர் எல்லார் எதிர்லயும் "குணவதி, வாங்க, போங்க"ன்னுதான் பேசுவார். குணான்னு கூட்டத்துக்குள்ளதான் கூப்பிட்டிருக்கார். யோசிச்சுப் பாத்தா, அதை விட்டா வேற எங்க கூப்பிடுவார்? எல்லாரும் பேசிட்டு இருக்காங்க, யாரும் யாரையும் கேக்கறதில்ல. மைக் முன்னாடி நின்னு புரொடியூசரைத் திட்டறவன் இருந்தான், அந்தப் புரொடியூசரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையாட்டிட்டு உக்காந்திருப்பார். ரெண்டு பொம்பளைங்க ஒரு பட்டுப்புடவைச் சண்டையை மூணு படத்துல போட்டு முடிச்சாங்க. அப்படி ஒரு தனிமை வேற எங்கயும் கிடைக்காது. அவர் கேட்டிருக்கார்மா! அங்க கேட்டிருக்கார். குணா, கொஞ்சம்... கொஞ்சம் என்ன? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுன்னா? கொஞ்சம் காத்திருன்னா? கொஞ்சம் என்னைத் திரும்பிப் பாருன்னா? ஒரு வருஷமா ராவும் பகலும் இதேதான் ஓடுது மண்டைக்குள்ள. அவர் போய்ச் சேந்துட்டார், நாலஞ்சு வருஷம் ஆகுது, தனிகாசலம் சார்தான் சொன்னார். இல்லேன்னா வெக்கத்தை விட்டு நேராவே கேட்டிருப்பேன். இப்ப இந்தப் படத்தை விட்டா வேற யாரும் இல்ல எனக்குச் சொல்றதுக்கு.

நீ கேக்கறது சரிதான், எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. அக்கா பையன் போன்ல தேடினான், கிடைக்கல. சிடி ஒண்ணு மூர் மார்க்கெட் பக்கம் இருந்து வாங்கிட்டு வந்து கொடுத்தான். அதுல கூட்டம் தியேட்டர்ல இருந்த மாதிரி அடியிலயே கிடக்கு. சத்தத்தைக் கூட்டினா ஹீரோவும் சேர்ந்து கத்தறான், எங்களை மட்டும் தூக்க முடியல. சரின்னு டிவியில ஓடும்போது போனை வெச்சுப் பிடிச்சேன். போட்டுப் பாத்தா ஒண்ணுமே இல்ல! வெறும் ஈ பறக்கற சத்தம். அக்கா பையன் சொல்றான், பேச்சு மட்டும் தெளிவா இருக்கணும்னு பின்னாடி இருக்கிற சத்தத்தைப் போனே துடைச்சுடுமாம். வேண்டாத சத்தமாம். நான் வருஷக்கணக்கா நின்ன வேலைம்மா அது. எனக்கு வந்த கோவத்துல போனைக் கட்டில்ல போட்டேன்.

அதனாலதான் இது போடற அன்னைக்கெல்லாம் சத்தத்தை முழுசா வெக்கிறேன். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போடறான், வேற படம் கிடைக்காத மத்தியானம் பாத்து. ஒவ்வொரு தடவையும் "குணா, கொஞ்சம்" வரைக்கும் வருது. அதுக்கு மேல ஒரு குரல் வந்து மூடிடுது. எது தெரியுமா? என்னோடதுதான். என் கத்திரிக்கா. எல்லாரும் மூச்சு இழுத்திருக்காங்க அந்த இடத்துல, பள்ளம் விழக் கூடாதேன்னு நான் புகுந்திருக்கேன். என் காது நல்லாத்தான் இருக்கு, அதைச் சந்தேகப்படாதே. பக்கத்து வீட்டு காலிங் பெல் கூட... உக்காரேன், நீ எதுக்கு எழுந்த? இரு இரு இரு. ஊருக்கு வந்துட்டான். வாழைமரம் தெரியுது பாரு, தேர் அதோ. ரிமோட் எங்க? உன் பக்கத்துல. கொடு.

காதைப் பொத்திக்காதே, கொஞ்ச நேரம்தான். மேளம் இப்ப நின்னுடும். பாரு, தேடறான். கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு வர்றான், அந்த மஞ்சள் சட்டைக்காரன் இருக்கானே, அவன் வாய்க்கு நான்தான் பேசினேன், ஆம்பளை வாய்க்கு என் குரல், யாராவது கண்டுபிடிக்க முடியுமா? அம்மாவைப் பாத்துட்டான். பாரு, பேச்சு வரல. மேளம் நின்னுடுச்சு. வர்றோம், வர்றோம், இப்ப நாங்க மேல வர்றோம், அதோ கத்திரிக்கா, கேக்குதா? அது நான். அந்தக் கீச்சுக் குரல். இப்பத்தான், நல்லாக் கேளு, எனக்கு நேர் பின்னாடி, இடது பக்கம், மெதுவா இருக்கும், குணான்னு வரும் பாரு, அதுக்கு அப்புறம்தான் என் குரல் வந்து...

ஐயோ. ஊறுகாய்.

போச்சு. பாத்தியா? சரியா அந்த இடத்துலதான் வெட்டறான். வேணும்னே பண்றான். இந்தத் தடவை "குணா"வே கேக்கல எனக்கு. இனி ரெண்டு மாசம். அணைச்சுட்டேன்மா, அணைச்சுட்டேன், உன் கோயமுத்தூர்க்காரங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு.

என்னது?

கேட்டுச்சா? உனக்கா? முழுசாவா? நெசமாச் சொல்லு, என்னைக் கேலி பண்ணாதே. நாள் பூரா ஹெட்போன் போட்டுக்கிட்டு, பின்னாடி என்ன சத்தம் வந்தாலும் பேசறவங்க குரலை மட்டும் பிடிக்கறதுதான் உன் வேலையா? சரி. சரி. சொல்லு. இல்ல இரு, நான் உக்காந்துக்கறேன். இப்ப சொல்லு.

"குணா, கொஞ்சம்..." ஆமா, அது தெரியும். அதுக்கு மேல.

இன்னொரு தடவை சொல்லும்மா.

"குணா, கொஞ்சம் பேச்சை நிறுத்தேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அப்புறம்? அப்புறம் என்ன சொன்னார்? ஒண்ணும் இல்லையா? அதுக்கு அப்புறம் வெறும் கத்திரிக்காதானா?

அது எப்படிம்மா நிறுத்த முடியும்? நீயே சொல்லு. டேக் ஓடிட்டு இருக்கு. மைக்குக்குக் கிட்ட நிக்கறவ நான். நான் நிறுத்தினா பள்ளம் விழும், அத்தனை பேரும் திரும்ப நின்னு பேசணும். வேலையில இருக்கிறவகிட்ட வந்து நிறுத்துன்னு சொன்னா யாராவது நிறுத்துவாங்களா? எனக்குக் காதுல விழுந்திருக்கவே விழுந்திருக்காது. டேக் முடிஞ்சதும் சொல்லியிருக்கலாமே. மாடிப்படியில இறங்கும்போது சொல்லியிருக்கலாமே. அன்னைக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவேதானே வந்தார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, பஸ்ஸே வரல, ரொம்ப நேரம் நின்னோம். கைக்குட்டையை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுட்டு நின்னார். நான் அம்மாவுக்கு மாத்தின மருந்தைப் பத்திச் சொன்னேன். அப்புறம் வீட்டு ஓனர் தண்ணி மோட்டார் போட விட மாட்டேங்கறதைச் சொன்னேன். அப்புறம் அந்தப் பட்டுப்புடவைச் சண்டையை முதல்ல இருந்து சொன்னேன், அவர் சிரிக்கவே இல்ல. "குணவதி"ன்னார் ஒரு தடவை. இருங்க, இதைக் கேளுங்கன்னு சொல்லிட்டு நான்... பஸ் வந்துது. ஏறிட்டேன். ஏறி, ஜன்னல் பக்கம் உக்காந்து, மீதியையும் ஜன்னல் வழியாச் சொன்னேன். பஸ் கிளம்பற வரைக்கும் சொன்னேன்.

...

ஃபேன் சத்தம் இவ்வளவு பெருசாவா இருக்கும் இந்த வீட்டுல?

நீ கிளம்பணும் இல்ல. உனக்கு வேலை இருக்கும். வந்ததுல இருந்து நீ ஏதோ சொல்ல வந்த, நான்... உன் பேரு என்னம்மா?

கொஞ்ச நேரம் இரு. இருந்துட்டுப் போ. நீ சொல்லு, எதுவா இருந்தாலும் சொல்லு. நான் பேசல.